தொண்டித் துறை: செட்டிநாட்டின் கிழக்கு வாயில்

செட்டிநாட்டுக்கும் கடலுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு ஊர்ப்பெயர்கள் தவறாமல் வரும். ஒன்று காவிரிப்பூம்பட்டினம், மற்றொன்று இரங்கூன். நகரத்தார் பூம்புகாரினின்றும் பெயர்ந்து பாண்டிநாட்டில் வந்து அமர்ந்தனர் என்பது வழிவழி வரும் மரபு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை, பர்மா, மலாயா, இந்தோசீனம் எனக் கடல் கடந்து பொருள் ஈட்டினர் என்பது அண்மைக்கால வரலாறு. முதற்பெயரில் தொன்மையின் பெருமை இருக்கிறது. இரண்டாவதில் செல்வத்தின் பெருமை இருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, காரைக்குடியினின்று தேவகோட்டை, திருவாடானை வழியாகச் சாலையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் கிடக்கும் தொண்டிக் கடலை நாம் பேசுவதில்லை. நமக்கு மிக அருகில் உள்ள கடல் நம் நினைவுக்கு மிகத் தொலைவில் போய்விட்டது.

இதற்கு ஆட்சிப் பிரிவினையும் ஒரு காரணம். 1910-இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்பட்டபோது காரைக்குடியும் தொண்டியும் ஒரே மாவட்டத்து ஊர்களாயின. எழுபத்தைந்து ஆண்டுகள் அவ்வாறே இருந்தன. 1985-இல் அம்மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது காரைக்குடி சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்தது. தொண்டி இராமநாதபுரத்திலேயே நின்றது. அன்று முதல் நம் மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. வரைபடத்தில் இல்லாமற்போன நெய்தல், மெல்ல நம் எழுத்திலும் இல்லாமற்போயிற்று.

தொண்டி, பெருஞ்சுவர் எழுப்பி அலையைத் தடுத்துப் பெயர் பெற்ற துறைமுகம் அன்று. பாய்க்கப்பல் நங்கூரமிட்டு நிற்பதற்கேற்ற அமைதியான கடலும், கரையில் அதனை எதிர்கொள்ளும் மக்களும் இருந்தமையே அதன் துறைமுகத் தகுதி. அத்தகைய துறை தன் வரலாற்றைக் கட்டடங்களில் விட்டுச் செல்வதில்லை. சொற்களிலும் வழக்கங்களிலும் விட்டுச் செல்கிறது. சொல்லைப் பேணுவதற்கென்றே கூடிப் பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தார்க்கு அவ்வரலாறு அயலார் செய்தியாக இருத்தல் ஆகாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இரு தொண்டிகள்

முதலில் ஒரு தெளிவு வேண்டும். சங்க இலக்கியத்தில் பெரிதும் பேசப்படும் தொண்டி சேரர்க்குரியது. மேலைக் கடற்கரையில் இருந்தது. ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதியில் அம்மூவனார் பாடிய தொண்டிப்பத்து அவ்வூரைப் பற்றியதே. கிரேக்கக் கடற்பயண நூல் திண்டிஸ் எனக் குறிப்பதும் அதனையே. ஊர்ப்பற்றின் காரணமாக அப்புகழை நம் தொண்டிக்கு மாற்றி எழுதுவோர் உளர். அது வேண்டா. நம் தொண்டிக்குத் தன்புகழே போதும்.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், தொண்டியோர் கப்பற் கூட்டத்தில் ஏற்றி அனுப்பிய அகிலும், துகிலும், சந்தனமும், கருப்பூரமும் தம் மணத்தோடு மதுரைக்குள் நுழைவதாக இளங்கோவடிகள் பாடுகிறார். அம்மணத்தைச் சுமந்து வரும் காற்று கொண்டல். கொண்டல் கிழக்குக் காற்றாதலின், இத்தொண்டியைக் கீழைக் கடற்கரையில் வைத்து எண்ணுவதே பொருத்தமாகிறது. கிழக்கு நாடுகளின் சரக்கு கடல் கடந்து பாண்டிநாட்டுக் கரையில் இறங்கி மதுரைக்குச் செல்லும் வழி ஒரே காற்றின் பெயரால் அங்கே சுட்டப்படுகிறது. இன்று கொச்சியிலிருந்து புறப்பட்டு மதுரை, சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை வழியாக வரும் தேசிய நெடுஞ்சாலை 85 தொண்டியில் முடிவதை நோக்கும்போது, அப்பழைய வழியின் நினைவு மண்ணைவிட்டு நீங்கவில்லை என்று தோன்றுகிறது.

களப்புப் போன்ற கடல்

தொண்டிக்கு முன் விரியும் கடலுக்குப் பாக்கு விரிகுடா என்று பெயர். 1763 முதல் 1767 வரை சென்னையில் ஆளுநராக இருந்த இராபர்ட் பாக் என்பவரின் பெயரால் வழங்குவது அது. பெயர்தான் புதிது, கடல் மிகப் பழையது. வடக்கே கோடியக்கரை; தெற்கே இராமேசுவரம் தீவும் அதனைத் தொடரும் ஆதம் பாலம் என்னும் மணற்றிட்டு வரிசையும்; கிழக்கே யாழ்ப்பாணக் குடாநாடும் மன்னார்க் கரையும். இவ்வாறு நிலம் சூழ்ந்து அணைத்த இக்கடலின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்துக்கும் குறைவானது. பெருங்கடல் என்பதினும் பெரியதொரு களப்பு என்பதே இதற்குப் பொருந்தும். களப்பு என்னும் அழகிய சொல்லை நாம் மட்டக்களப்பு என்னும் ஊர்ப்பெயரில் மட்டுமே அறிவோம். யாழ்ப்பாணத்தார் தம் உள்கடலைப் பரவைக்கடல் என்பர். இரண்டும் நம் கவிதைக்குள் இன்னும் வராத சொற்கள்.

இக்கடலில் பாய்க்கப்பலை நிறுத்துவது ஒரு கலை. தோணி கரையை நெருங்க நெருங்கத் தண்டல் பாயைக் குறைப்பான். தண்டல் என்பது தோணியின் தலைவனுக்குக் கடலோடிகள் இட்ட பெயர். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை நீரில் விட்டு ஆழம் பார்ப்பார்கள். குண்டின் அடியில் கொழுப்பைத் தடவி விட்டால், அதில் ஒட்டி வரும் மண்ணைக் கொண்டு கீழே சேறா, மணலா எனக் கண்டுகொள்ளலாம் என்பது உலகெங்கும் கடலோடிகள் கையாண்ட பழைய முறை. சேறு நங்கூரத்தைப் பற்றிக்கொள்ளும். கடற்புல் அடர்ந்த இடத்தில் நங்கூரம் பற்றாமல் இழுபடும். ஆழத்தைப்போலப் பன்மடங்கு நீளமான கயிற்றை விட்டால்தான் இழுப்பு கிடைமட்டமாக அமைந்து நங்கூரம் தரையில் ஊன்றும். இவ்வாறு தோணி கரையினின்றும் விலகி நிற்க, வத்தைகளும் வள்ளங்களும் சென்று சரக்கை இறக்கும். அவையும் தரைதட்டும் இடத்திலிருந்து மனிதர்கள் தலையிலும் தோளிலும் மூட்டைகளைச் சுமந்து நீரில் நடந்து கரையேற்றுவர். கப்பலுக்கும் கரைக்கும் இடையே கல்லால் ஆன மேடை இருந்த இடங்களில் வரலாறு மன்னர்களைப் பாடிற்று. மனிதத் தோள்களே மேடையாக இருந்த இடங்களில் அது வாய் திறக்கவில்லை.

காற்றின் கணக்கும் இதில் அடங்கும். யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறை தொண்டிக்கு ஏறத்தாழ நேர்கிழக்கே 90 கிலோமீட்டர் அளவில் உள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தோணி பாய் விரித்துக் கிழக்கே செல்வது எளிது. வடகிழக்குப் பருவத்தில் மேற்கே திரும்புவது எளிது. இரவில் நிலத்தினின்று கடல்நோக்கி வீசும் கரைக்காற்றில் புறப்பட்டு, பிற்பகலில் கடலினின்று நிலம்நோக்கி வீசும் காற்றில் கரை சேர்வதும் உண்டு. தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கையில் பாக்கு விரிகுடா அடங்கிக் கிடக்கும். வடகிழக்குப் பருவத்தில் இந்நிலை மாறும். இலக்கியம் பயின்ற நாம் காற்றுக்கு வாடை, தென்றல், கொண்டல், கோடை என நான்கு பெயர் சொல்வோம். கடலோடி வாடை, சோழகம், கொண்டல், கச்சான் என்பான். இரண்டு பெயர்கள் நம்மோடு ஒத்தவை. இரண்டு அவனுக்கே உரியவை. நங்கூரம் என்பதே பாரசீகத்திலிருந்தும் சுக்கான் என்பது அரபியிலிருந்தும் வந்து தமிழான சொற்கள். யாரோடு இக்கரை உறவாடியது என்பதை அறியக் கல்வெட்டைத் தேட வேண்டியதில்லை. தோணியின் உறுப்புகளுக்கு வழங்கும் பெயர்களைக் கேட்டாலே போதும்.

போரும் வணிகமும்

கல்வெட்டும் இல்லாமல் இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாண்டியர் அரியணைப் பூசலில் தலையிட்ட இலங்கை மன்னன் பராக்கிரமபாகு தன் தளபதி இலங்காபுரனை இக்கரைக்கு அனுப்பினான். தொண்டி, பாசி ஆகிய பகுதிகளில் நடந்த போரைச் சோழர் காலக் கல்வெட்டு பேசுகிறது. காஞ்சிபுரத்தை அடுத்த ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டு, இப்போர்ச் செய்தி கேட்டுக் கலங்கிய எதிரிலிசோழச் சம்புவராயன் உமாபதிதேவர் என்னும் ஞானசிவரை வேண்ட, அவர் இருபத்தெட்டு நாள் சிவபூசை செய்ததைக் கூறும். தொண்டியில் எழுந்த கலக்கம் தொண்டைநாடு வரை சென்று எட்டியது என்பதே இத்துறையின் முதன்மைக்குச் சான்று.

அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின், தொண்டியை அடுத்த தீர்த்தாண்டதானத்தில் 1269-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டொன்று முற்றிலும் வேறான காட்சியைக் காட்டுகிறது. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் முதலிய வணிகக் குழுவினர் ஒருங்கு கூடி, சரக்கின்மீது ஒரு சிறு பகுதியைச் சிவன் கோயில் திருப்பணிக்கு ஒதுக்க இசைந்த செய்தி அது. அஞ்சுவண்ணத்தார் மேற்காசியத் தொடர்புடைய வணிகர்; அக்காலத்தே இக்கரையில் பெரிதும் இசுலாமியர். அவர்களும் உள்நாட்டு வணிகரும் ஒன்றாக அமர்ந்து ஒரு சிவன்கோயிலின் பழுதுபார்ப்பைப் பற்றி முடிவெடுத்திருக்கிறார்கள். ஒருமைப்பாடு பற்றி இக்காலத்தில் நாம் எழுதும் பக்கங்கள் பல. இக்கல்வெட்டு அவை அனைத்தையும்விடச் சுருக்கமானது. ஒப்பந்தம் என்பதால் உறுதியானதும் கூட.

பதினான்காம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து இக்கடலைக் கடந்த மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதாவின் குறிப்பு இன்னொரு சான்று. காற்று மிகுந்து, நீர் புகுந்து, மாபார்க் கரையை ஒட்டிய ஆழமற்ற கடலில் அவருடைய கப்பல் சிதைந்தது. கப்பலின் பின்புறத்தைப் பற்றிக்கொண்டு இரவைக் கழித்த அவரை மறுநாட் காலையில் படகில் வந்து மீட்டவர்கள் இக்கரைவாழ் மக்கள். ஆழமறிந்தவனுக்கு அடைக்கலமாக இருக்கும் கடல் அறியாதவனுக்கு எமன் என்பது இதிலிருந்து புலனாகும். பின்னர் அவர் பத்தன் என்னும் பட்டினத்தைக் கண்டார். அங்கே கடலுக்குள் பெருமரங்களை ஊன்றி மண்டபம் ஒன்று எழுப்பியிருந்தார்கள்; கரையிலிருந்து கூரையிட்ட மரப்பாதை வழியே அதனை அடையலாம்; பகைவர் வருங்கால் கப்பல்களை அதனோடு பிணைத்து, வில்லாளிகளை நிறுத்திக் காப்பார்கள் என்று எழுதுகிறார். அப்பட்டினம் இக்கரையின் எவ்வூர் என்பதில் ஆய்வாளர்கள் கருத்து வேறுபடுவர். தேவிபட்டினம், பெரியபட்டினம், சுந்தரபாண்டியன்பட்டினம், கோட்டைப்பட்டினம், செகதாப்பட்டினம், அம்மாபட்டினம் எனப் பட்டினங்களை மணிபோல் கோத்த கரை இது. பெரியபட்டினத்தில் 1980-களில் நடந்த அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. வைகை முகத்துவாரத்தை ஒட்டிய அழகன்குளத்திலோ கப்பல் உருவம் கீறிய பானையோடே கிடைத்தது.

உப்பும் மகமையும்

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். நகரத்தார் வணிகம் வட்டியில் தொடங்கியது அன்று, உப்பில் தொடங்கியது. பதினேழாம் நூற்றாண்டில் பழனியில் உப்பு வணிகம் செய்த குமரப்பன் என்னும் நகரத்தார் தம் ஆதாயத்தில் முருகனுக்கு ஒரு பங்கை மகமையாக வைத்ததைப் பழனி அறப்பட்டயங்கள் கூறுகின்றன. ஆண்டுதோறும் தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு நடந்து செல்லும் வழக்கம் அவ்வணிகத்தோடு தொடர்புடையது. உப்பு கடலின் விளைச்சல். கரையில் விளைந்ததை வறண்ட நிலத்தின் ஊடே மலையடிவாரம் வரை கொண்டு சென்று விற்றவர்கள் அவர்கள். பொருள்தேடி வெளியூர் செல்வதைக் 'கொண்டுவிற்கப் போதல்' என்று நகரத்தார் வழங்கும் தொடர் அந்நடைப்பயணத்தை நினைவூட்டுகிறது. தீர்த்தாண்டதானத்தில் 1269-இல் சரக்கின்மீது கோயிலுக்கென வைத்த பகுதியும், பழனியில் உப்பின்மீது வைத்த மகமையும் ஒரே அறத்தின் இரு முனைகள். முன்னது கடற்கரையில் நிற்கிறது. பின்னது மலையடியில் நிற்கிறது. நடுவே செட்டிநாடு கிடக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது நகரத்தார் அங்கே கடன் கொடுத்தும் அரிசி இறக்கியும் வணிகம் வளர்த்தனர். கொழும்புச் செட்டியார் தெருவின் கதிரேசன் கோயில்களும், 1874-இல் தொடங்கிய ஆடிவேல் விழாவும் அவ்வாழ்வின் அடையாளங்கள். இக்கரையிலிருந்து அரிசியும் துணியும் ஓடும் தோணியேறின. அக்கரையிலிருந்து புகையிலையும் பனஞ்சட்டங்களும் வந்தன. அக்கரைத் துறையான ஊர்காவற்றுறை தீவுகளின் நடுவே, பரவைக்கடலின் வாயிலில் அமைந்தது. அதனெதிரே நீர் நடுவில் நிற்கும் கடற்கோட்டையைப் போர்த்துக்கீசியர் எழுப்ப, ஒல்லாந்தர் வலுப்படுத்தினர். திறந்த கடலினின்று அக்களப்புக்குள் நுழைந்து நங்கூரமிடும் தோணிக்கு அலையின் ஓசை சட்டென்று அடங்கிவிடும்.

கடலை மறந்தாலும் கடல் நம் வீடுகளை மறக்கவில்லை. கண்ணாடிபோல் மின்னும் செட்டிநாட்டுச் சுவர்ப்பூச்சில் கிளிஞ்சற் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்ந்திருப்பதை நாம் பெருமையோடு விருந்தினர்க்குச் சொல்வோம். முட்டையைச் சொல்லும்போது வியக்கிறோம்; கிளிஞ்சல் எந்தக் கரையினின்று வந்தது என்று எவரும் வினவுவதில்லை.

துறை அடங்கிய கதை

தொண்டி எவ்வாறு அடங்கியது? போரால் அன்று, புயலாலும் அன்று. பாய்க்கப்பலுக்கு நட்பாக இருந்த ஆழமின்மை நீராவிக் கப்பலுக்குப் பகையாயிற்று. பெருங்கப்பல்கள் நின்றுசெல்லும் நாகப்பட்டினத்துக்கு 1860-களிலேயே இருப்புப்பாதை வந்துவிட்டது. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் செல்வோர் அங்கே சென்று கப்பலேறினர். இரஜூலா என்னும் கப்பல் 1926 முதல் 1973 வரை அவ்வழியில் ஓடியதை முதியோர் பலர் அறிவர். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிப் படகு ஓடத் தொடங்கியது. 1930-இல் திருச்சி - மானாமதுரை இருப்புப்பாதை காரைக்குடி வழியாக நிறைவுற்றது. தேவகோட்டையினின்று மாட்டுவண்டியில் கிழக்கே போய்க் காற்றுக்குக் காத்திருக்க வேண்டிய தேவை அத்தோடு தீர்ந்தது. கால அட்டவணை காற்றை வென்றது.

ஆயினும் பாய்க்கப்பல் கலை உடனே மடிந்துவிடவில்லை. இதே கடலின் வடகிழக்குக் கரையில், வல்வெட்டித்துறையில் 1930-இல் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் இருபாய்மரக் கப்பலை அமெரிக்கக் கடலோடி வில்லியம் இராபின்சன் விலைக்கு வாங்கினார். அது வல்வெட்டித்துறை மாலுமிகளோடு சூயசுக் கால்வாயையும் அட்லாண்டிக் பெருங்கடலையும் கடந்து 1938-இல் மாசச்சூசெட்சு மாநிலத்துக் குளோசெஸ்டர் துறையை அடைந்தது. நம் தச்சரின் உளியும் நம் மாலுமிகளின் கையும் எத்துணைத் தகுதி வாய்ந்தவை என்பதை உலகுக்குக் காட்டிய அப்பயணம், பாய்க்கப்பற் காலத்துக்கு விடைகூறிய பயணமாகவும் அமைந்தது.

பின்னர் வந்தவை எல்லைகள். 1948-க்குப் பின் இலங்கைக் குடியுரிமைச் சட்டங்கள். 1964-இல் தனுஷ்கோடியை விழுங்கிய புயல். 1974-இல் பாக்கு விரிகுடாவின் ஊடே வரைந்த எல்லைக்கோடு. 1983 முதல் 2009 வரை நீண்ட போர். ஒருகாலத்தில் அரிசி மூட்டையோடு தோணிகள் சென்ற அதே நீரில் ஏதிலியர் படகுகள் வந்தன. இன்று எல்லை கடந்ததற்காக மீனவர் சிறைப்படும் செய்தி நாளிதழில் வராத மாதம் அரிது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கியபோது செய்தித்தாள்கள் அதனைப் புதுமையாக எழுதின. நெடுங்காலம் இக்கடல் ஒரு தெருவாக இருந்தது என்பதை நினைப்போர்க்கு அது புதுமையாகத் தோன்றாது.

செய்ய வேண்டியது

தொண்டிக்குச் செல்வோர் பெருங்கோட்டை எதனையும் காண மாட்டார்கள். பள்ளிவாசல்களும், மீன் ஏலம் கேட்கும் குரல்களும், கரையோரம் மிதக்கும் படகுகளும், அவற்றுக்கு அப்பால் அசையாத கண்ணாடிபோன்ற நீருமே காட்சி. ஆனால் அங்கிருந்து சுற்றிவந்தால் ஒருநாளுக்குள் காணத்தக்கவை பல. திருஞானசம்பந்தர் பாடிய திருவாடானைக் கோயில், தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாடாணம், 1693-இல் அருளானந்தர் தலை வெட்டுண்ட ஓரியூர், காரங்காட்டு அலையாத்திக் கழிகள், மேற்கூறிய தீர்த்தாண்டதானம். முச்சமயத்தாரும் கடலை நோக்கி வணங்கும் கரை இது.

நம் காரைக்குடி கம்பனைக் கொண்டாடும் ஊர். குகனின் நாவாய் கங்கையில் செல்லும் அழகை நாம் பலகால் கேட்டுத் திளைத்திருக்கிறோம். அந்நாவாயைப் பாராட்டும் நாம் நம் கரையில் ஓடிய தோணியின் உறுப்புகளைப் பெயர் சொல்லி அறியோம். பருமல் என்பது பாயைத் தாங்கும் குறுக்குமரம். ஆலாத்து என்பது நங்கூரம் பிணைக்கும் வடக்கயிறு. இவைபோல் எத்தனையோ சொற்கள், பாய்க்கப்பல் ஓட்டியவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் இருக்கும்வரைதான் இருக்கும். விசைப்படகில் வளர்ந்த தலைமுறைக்குப் பாயின் சொற்கள் தேவைப்படுவதில்லை. தேவைப்படாத சொல்லை எந்தக் கடலும் காத்து வைப்பதில்லை. அகராதியில் ஏறியவை சில, ஏறாதவை பல.

ஆதலின் நம் வட்டத்தின் அடுத்த ஆண்டுப் பணிகளுள் ஒன்றாக இதனை ஏற்கலாம். கூட்டம் ஒன்றைத் தொண்டிக் கரையிலேயே நடத்துவோம். நாம் கவிதை படிக்க அன்று. அவர்கள் சொல்லக் கேட்க. காற்றின் பெயர்களையும், மண்ணின் பெயர்களையும், கயிறு ஒவ்வொன்றின் பெயரையும், மீன் ஒவ்வொன்றின் பெயரையும் குறித்து வருவோம். யார் சொன்னார், எக்கரையில் வழங்கியது என்பதையும் உடன் எழுதி வைப்போம். அடுத்த மலரில் ஒரு சொற்பட்டியல் அச்சேறுமானால், அது பல கவிதைகளுக்கு ஈடான பணியாகும்.

ஐப்பசி பிறந்தால் கொண்டல் மழையைச் சுமந்து காரைக்குடிக்கு வருகிறது. இளங்கோவடிகள் அறிந்த அதே காற்று. அகிலும் கருப்பூரமும் இப்போது அதில் இல்லை. ஊர்காவற்றுறையையும் தொண்டியையும் கடந்துதான் அது இன்றும் நம் முற்றத்துக்குள் இறங்குகிறது. அவ்வழியை அறிந்துகொண்டு மழையைப் பாடுவோம்.